மகாநதி சங்கர் உண்டு, மகாநதி ஷோபனா உண்டு, இயக்கியவர் எங்கே?

தமிழ்த் திரைப்பட இயக்குநர்கள் சங்கத்தின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் மூத்த உறுப்பினர் வரிசையில் வரும் ஒருவரைப் பற்றி இந்த மடலை எழுதுகிறேன். அவர் இயக்கிய ஒரு படம் கொடைக்கானலில் ஒரு குகைக்கே பெயர் வைத்தது. இன்னொரு படம் அதில் நடித்த இருவருக்கு முன்பெயராக ஒட்டிக்கொண்டது. சிறை வார்டனாக வந்து நம்மை நடுங்கவைத்தவர் இன்றும் மகாநதி சங்கர்தான். சின்னப் பெண்ணாக ஸ்ரீரங்கத்து ரங்கநாதனைப் பாடிய ஷோபனா, கர்னாடக இசை மேடையில் பெரிய பாடகியாக வளர்ந்த பிறகும் மகாநதி ஷோபனாதான். படத்தை இயக்கிய சந்தான பாரதியை மட்டும் அப்படி யாரும் அழைத்ததில்லை. இணையத்துப் பையன்களுக்கு அவர் ஒரு மீம். ஓர் அரசியல் தலைவரின் சாயல் அவருக்கு இருக்கிறதாம். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்களுக்கு அவர் ‘கமலின் நண்பர்’. ‘குணா’வும் ‘மகாநதி’யும் இயக்கியவர் என்று சொன்னால், “அதெல்லாம் கமலே எடுத்ததுங்க” என்று கையை வீசிவிட்டுப் போகிறார்கள்.

கமல்ஹாசனின் பங்கைக் குறைத்துப் பேச இதை எழுதவில்லை. ‘மகாநதி’யின் கதையும் திரைக்கதையும் அவருடையவை. ‘குணா’வை அவர் இல்லாமல் நினைத்துப் பார்க்கவும் முடியாது. ஆனால் “அவரே எடுத்தார்” என்று சொல்கிறவர்களில் ஒருவருக்கும், எந்த ஷாட்டை யார் வைத்தார்கள், எந்த நடிகரிடம் யார் பேசினார்கள், படப்பிடிப்பில் எங்கே கருத்து மோதியது என்று தெரியாது. தெரிந்தவர் நம்மோடு இருக்கிறார். அவரை உட்காரவைத்து, தொழில்காரர் தொழில்காரரிடம் கேட்கிற மாதிரி கேட்டுப் பதிவு செய்ய வேண்டியது உங்கள் சங்கத்தின் வேலை என்பதே என் வாதம். ரசிகர்கள் கேட்டால் கமல் கதைதான் வரும். நீங்கள் கேட்டால்தான் சினிமா வரும்.

அவர் வந்த வழியே சுவாரசியமானது. அப்பா எம்.ஆர். சந்தானம் நடிகர், தயாரிப்பாளர். 1961-ல் பீம்சிங் இயக்கத்தில் வந்த ‘பாசமலர்’ படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர். தம்பி ஆர்.எஸ். சிவாஜி நடிகர். நடிகர் வீட்டுப் பிள்ளை முகத்தைக் காட்டித்தான் உள்ளே வருவான் என்பது கோடம்பாக்கத்தின் எழுதாத சட்டம். இவரோ இயக்குநர் ஸ்ரீதரிடம் உதவி இயக்குநராகப் போய்ச் சேர்ந்தார். அங்கே கூட இருந்தவர் பி. வாசு. அவருடைய அப்பா பீதாம்பரம், எம்.ஜி.ஆருக்கும் என்.டி.ஆருக்கும் ஒப்பனை போட்டவர். ஒருவர் தயாரிப்பாளர் வீட்டுப் பிள்ளை, இன்னொருவர் மேக்கப் அறையிலிருந்து வந்த பிள்ளை. இருவரும் சேர்ந்து ‘பாரதி – வாசு’ ஆனார்கள்.

1981-ல் அந்த இரட்டையர் கொடுத்த முதல் படம் ‘பன்னீர் புஷ்பங்கள்’. பள்ளிக்கூட வயதுக் காதல், ஊட்டியில் ஒரு விடுதிப் பள்ளி, ஆசிரியராக பிரதாப் போத்தன். கதை சோமசுந்தரேஸ்வர், பின்னாளில் ராஜேஸ்வர் என்ற பெயரில் இயக்குநரானவர். நாயகன் சுரேஷ் புதுமுகம். சாந்தி கிருஷ்ணாவும் தமிழுக்குப் புதுசு. ஆர்.எஸ். சிவாஜி நடிக்க வந்ததும் இந்தப் படத்தில்தான். இளையராஜாவின் ‘ஆனந்த ராகம்’ இன்றும் பாட்டுப் போட்டி மேடைகளில் பிள்ளைகளின் மூச்சை வாங்குகிறது. படத்தைப் பாட்டுக்காக மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் ஒருமுறை ஒலியைக் குறைத்துவிட்டுப் பாருங்கள். அந்தப் பிள்ளைகளைப் பெரியவர்கள் மாதிரி காதலிக்க விடவில்லை இயக்குநர்கள். கூச்சமும் தயக்கமுமாக, கையை எங்கே வைப்பது என்று தெரியாத பிள்ளைகளாகவே விட்டிருக்கிறார்கள். புதுமுகத்தை நடிக்கவைப்பது ஒரு வேலை, நடிக்காமல் இருக்கவைப்பது அதைவிடக் கடினமான வேலை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு ‘மெல்லப் பேசுங்கள்’ (1983), பானுப்ரியாவின் முதல் படம். 1985-ல் ‘நீதியின் நிழல்’, சிவாஜி கணேசனும் பிரபுவும் நடித்தது. ‘பாசமலர்’ தயாரித்தவரின் மகன், அந்தப் படத்தின் நாயகனையே இயக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு அந்தத் தளத்தில் என்ன நடந்தது, சின்ன வயதிலிருந்து பார்த்த மனிதரிடம் “இன்னொரு டேக் போகலாம்” என்று எப்படிச் சொன்னார் என்று கேட்க எனக்கு ஆசை. உங்களுக்கும் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

இரட்டையர் பிரிந்தார்கள். 1991-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வாசு ‘சின்னத்தம்பி’ கொடுத்தார், ஊரே திருவிழா ஆனது. அதே ஆண்டு தீபாவளிக்கு, நவம்பர் 5-ஆம் தேதி, பாரதியின் ‘குணா’ வந்தது. எதிரில் ‘தளபதி’. வசூல் கணக்கு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஸ்ரீதரின் ஒரே பள்ளியிலிருந்து வந்த இரண்டு பேர், ஒரே ஆண்டில், இவ்வளவு தூரம் விலகிய இரண்டு படங்களை எடுத்திருக்கிறார்கள். சேர்ந்து வேலை செய்தபோது யார் எதைப் பார்த்துக்கொண்டார்கள் என்ற கேள்வி இங்கேதான் எனக்கு எழுகிறது. வெகுஜன நாடி முழுக்க வாசுவிடமும், அந்த ‘பன்னீர் புஷ்பங்கள்’ தயக்கம் முழுக்க பாரதியிடமும் இருந்ததா? அப்படி ஒரு கோடு போட்டுவிடுவது எளிது. உண்மை அதைவிடக் குழப்பமாகத்தான் இருக்கும்.

‘குணா’வின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். மனநல விடுதி அறை. குணா சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே தன் கதையைக் கொட்டுகிறான், வெட்டு இல்லாமல் ஷாட் நீண்டுகொண்டே போகிறது. கமலின் நடிப்பைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதிவிட்டோம். ஆனால் அந்த ஷாட்டில் கேமரா அவருக்கு எவ்வளவு இடம் விடுகிறது, எப்போது நெருங்குகிறது, எப்போது அவரை விட்டுவிட்டுக் காத்திருக்கிறது என்பதும் நடிப்புக்குச் சமமான முடிவுகள். ஒளிப்பதிவாளர் வேணுவும் இயக்குநரும் எத்தனை ஒத்திகை பார்த்தார்கள், ஃபோகஸ் பிடித்தவர் எங்கே நின்றார், ஒருவர் தடுமாறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டிய ஷாட்டில் தளம் எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று எங்காவது யாராவது பதிந்திருக்கிறார்களா? கதை சாப் ஜான், வசனம் பாலகுமாரன், அம்மாவாக பழைய எஸ். வரலட்சுமி, மருத்துவராக கிரீஷ் கர்னாட், போலீஸ் அதிகாரியாக எஸ்.பி. பாலசுப்ரமணியம், ஒரே படத்தோடு திரையை விட்டுப் போன நாயகி ரோஷினி. இத்தனை வெவ்வேறு பள்ளிகளைச் சேர்ந்த ஆட்களை ஒரே சுருதிக்குக் கொண்டுவருவது தானாக நடக்கிற காரியமா?

பிறகு அந்தக் குகை. ‘டெவில்ஸ் கிச்சன்’ என்று இருந்ததை மக்கள் ‘குணா குகை’ என்று மாற்றிக்கொண்டார்கள். வாலி எழுதி கமலும் ஜானகியும் பாடிய ‘கண்மணி அன்போடு’ என்ற கடிதப் பாட்டு, பேச்சும் பாட்டுமாக மாறி மாறி வருவதால், படமாக்குவதற்கு லேசான பாட்டு அல்ல. பேச்சு முடிந்து மெட்டு தொடங்கும் இடத்தில் முகம் எங்கே திரும்ப வேண்டும் என்பது விநாடிக் கணக்கு. 2024 பிப்ரவரியில் சிதம்பரம் இயக்கிய ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ அந்தப் பாட்டை எடுத்துத் தன் கதையின் உச்சத்தில் வைத்தபோது தமிழ்நாட்டுத் திரையரங்குகள் எழுந்து நின்று கத்தின. 33 ஆண்டுக்கு முந்தைய பாட்டு. அந்த அலையில் ‘குணா’வை மறுபடி வெளியிட ஏற்பாடு நடந்தது, உரிமை யாருக்கு என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது. படத்துக்கு உரிமை கேட்டு நீதிமன்றம் வரை போக ஆள் இருக்கிறது. அதை எப்படி எடுத்தீர்கள் என்று இயக்குநரைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

‘மகாநதி’ 1994 பொங்கலுக்கு வந்தது. பொங்கல் ரிலீஸ் என்று குடும்பத்தோடு போன கூட்டம் எப்படி வெளியே வந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். காவிரிக் கரையில் வசதியாக வாழ்ந்த கிருஷ்ணசாமி சென்னைக்கு வந்து சீட்டுக் கம்பெனி மோசடியில் சிக்கி, சிறைக்குப் போய், குடும்பம் சிதறி, மகளை கல்கத்தாவின் சிவப்பு விளக்குப் பகுதியான சோனாகாச்சியில் தேடிக் கண்டுபிடிக்கும் கதை. ரா.கி. ரங்கராஜன் வசனத்தில் கை வைத்திருக்கிறார். எம்.எஸ். பிரபு ஒளிப்பதிவு. ‘16 வயதினிலே’ எடுத்த எஸ்.ஏ. ராஜ்கண்ணு தயாரிப்பாளர். 41-வது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம், சிறந்த ஒலிப்பதிவு இரண்டும் கிடைத்தன. அந்தத் தமிழ்ப்பட விருது தயாரிப்பாளருக்கும் இயக்குநருக்கும் உரியது. சந்தான பாரதி தேசிய விருது பெற்ற இயக்குநர். இதைப் படிக்கும் எத்தனை பேருக்கு இந்த வாக்கியம் புதிதாக இருக்கிறது?

அதில் இரண்டு இடங்களைச் சொல்ல வேண்டும். சோனாகாச்சியில் அப்பன் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்க்கிறான், அடி விழுகிறது, விட மாட்டார்கள். அங்கே இருக்கும் பெண்கள் தங்கள் சம்பாத்தியத்தைப் போட்டு அந்தக் குழந்தையை விடுவிக்கிறார்கள். மொழி புரியாத கூட்டம். வேறு கையில் போயிருந்தால் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு குளோசப், ஒரு கண்ணீர், வயலின் என்று கிடைத்திருக்கும். இங்கே அந்தப் பெண்கள் பெரிய தியாகம் செய்கிற தோரணையே இல்லாமல் அதைச் செய்துவிட்டு நிற்கிறார்கள். துணை நடிகர்கள் கூட்டத்தை இப்படி அடக்கி வாசிக்கவைப்பது எழுத்தில் வராது, தளத்தில்தான் வரும்.

இன்னொன்று, வீட்டுக்கு வந்த பிறகு மகள் தூக்கத்தில் உளறுவது. அவளுக்கு என்னவெல்லாம் நடந்தது என்று நாம் அதுவரை பார்க்கவில்லை. காட்டவும் மாட்டார்கள். தூக்கத்தில் வரும் அந்தச் சில வார்த்தைகளும் அதைக் கேட்டு உடைந்துபோகிற அப்பாவும் மட்டும்தான். தமிழில் எத்தனையோ படங்கள் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையை விலாவாரியாகக் காட்டி டிக்கெட் விற்றிருக்கின்றன. அதே காலத்தில் ஒரு முன்னணி நடிகரின் படம், காட்டாமல் விட்டது. அந்த முடிவு எழுத்து மேஜையில் எடுக்கப்பட்டதா, தளத்திலா, எடிட்டிங்கிலா? கணினியில் படத்தொகுப்பு செய்யும் ஏவிட் முறையை இந்தியாவில் தொடக்கத்திலேயே பயன்படுத்திய படங்களில் ஒன்று இது என்பார்கள். அப்படியென்றால் தொகுப்பு அறையிலும் புதுசாகச் சில முடிவுகள் பிறந்திருக்கும். கேட்டால்தானே தெரியும்.

எல்லாப் படங்களும் இந்தத் தரத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘சின்ன மாப்ளே’ (1993) போகிற போக்கில் பார்க்கலாம். ‘வியட்நாம் காலனி’யும் ‘எங்கிருந்தோ வந்தான்’ படமும் மலையாளத்திலிருந்து வந்தவை. மூலத்தைப் பார்த்தவர்களுக்கு இவை தேவைப்படாது. “பார்த்தீர்களா, கமல் இல்லையென்றால் இதுதான்” என்று இங்கேதான் மடக்குவார்கள். ஆனால் ‘பன்னீர் புஷ்பங்கள்’ படத்தில் கமல் இல்லையே? தவிர, 90-களில் ரீமேக் இயக்குநருக்குக் கிடைத்த நாட்களும் சுதந்திரமும் எவ்வளவு என்று உங்கள் சங்கத்துக்காரர்களுக்குத் தெரியாதா? மலையாளப் படத்தின் கேசட்டைக் கையில் கொடுத்து, தேதியைச் சொல்லி, ஆரம்பி என்பார்கள். நல்ல எழுத்தும் நல்ல கூட்டாளிகளும் கிடைத்தபோது ஒரு இயக்குநர் எங்கே உயர்ந்தார் என்பதுதான் அளவுகோலாக இருக்க வேண்டும். பெரிய பெயர்கள் பலருக்கு அந்தச் சலுகையை நாம் தாராளமாகத் தருகிறோம்.

பிறகு இயக்கம் நின்றது, நடிப்பு நிலைத்தது. குடும்பத் தொழிலுக்குத் திரும்பினார் என்றும் சொல்லலாம். ‘அன்பே சிவம்’ படத்தில் நாசரின் அடியாளாக வந்து, கடைசியில் கமல் நடித்த நல்லசிவத்தைக் கொல்ல அனுப்பப்பட்டு, மனம் மாறி விட்டுவிட்டுப் போகிற மனிதர் அவர்தான். அந்தக் கனத்த உடம்பும் தயங்கும் குரலும் அந்த இடத்தில் செய்வது சாதாரண வேலை இல்லை. அதே படத்தில் ரயில் விபத்து நேரத்து ஸ்டேஷன் மாஸ்டராகத் தம்பி சிவாஜி. 2022-ல் ‘விக்ரம்’ படத்தில் ஏஜெண்ட் உப்பிலியப்பனாக வந்தபோது விசில் பறந்தது. மகன் சஞ்சய் பாரதி 2019-ல் ‘தனுசு ராசி நேயர்களே’ மூலம் இயக்குநராகி உங்கள் பக்கம் வந்திருக்கிறார். மூன்று தலைமுறை.

ஆர்.எஸ். சிவாஜியைப் பற்றி இங்கே கொஞ்சம் பேசியே ஆக வேண்டும். ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் ஜனகராஜின் பின்னாலேயே ஓடி “சார், நீங்க எங்கேயோ போயிட்டீங்க” என்ற அந்தக் கான்ஸ்டபிளாகவே அவரைப் பெரும்பாலானோருக்குத் தெரியும். ‘கோலமாவு கோகிலா’, அப்புறம் 2022-ல் ‘கார்கி’ என்று கடைசி ஆண்டுகளில்தான் அவர் எவ்வளவு பெரிய நடிகர் என்று பலருக்கு உறைத்தது. நடிப்பு மட்டுமில்லை, கேமராவுக்குப் பின்னாலும் பல படங்களில் வேலை பார்த்தவர். 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி போய்விட்டார், ‘லக்கி மேன்’ வெளியான மறுநாள். இரங்கல் செய்திகளில் எல்லாரும் அந்த ஒரே வசனத்தைத்தான் எழுதினார்கள். வேறு என்ன எழுத முடியும்? அவருக்குள் இருந்த தளத்து நினைவுகளை யாரும் முறையாகக் கேட்டு வாங்கி வைக்கவில்லையே.

யூடியூபில் சந்தான பாரதியின் பேட்டிகள் இல்லாமல் இல்லை. நான் பார்த்தவற்றில், கேட்பவருக்கு வேண்டியது கமல் பற்றிய ஒரு சுவையான சம்பவம். அவரும் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போகிறார். தன் பங்கைத் தானே எடுத்துவைத்துப் பேசும் பழக்கம் அவரிடம் தெரியவில்லை. நண்பரின் பெயருக்கு முன்னால் தன் பெயரை நிறுத்திக் காட்டும் ஆளாகவும் தெரியவில்லை. அதனால்தான் கேள்வி வெளியிலிருந்து வர வேண்டியிருக்கிறது.

பிலிம் நியூஸ் ஆனந்தன் என்ற ஒரு தனிமனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த தகவல்கள் இல்லையென்றால் தமிழ் சினிமாவில் எந்தப் படம் எப்போது வந்தது, யார் யார் வேலை செய்தார்கள் என்ற பட்டியலே நமக்கு ஒழுங்காக இருந்திருக்காது. பட்டியல் இருக்கிறது. பட்டியலில் இருக்கும் பெயர் அன்றைக்குத் தளத்தில் என்ன செய்தது என்பதுதான் இல்லை. அதை ஆனந்தன் செய்திருக்க முடியாது. சங்கத்தால் முடியும்.

செலவும் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ப்ரிவியூ தியேட்டர், இரண்டு கேமரா, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி நிறுத்திக் கேட்கத் தெரிந்த இரண்டு இயக்குநர்கள். சஞ்சய் பாரதியை அந்த இருவரில் ஒருவராக வைக்க வேண்டாம். அப்பாவிடம் மகன் கேட்டால் பாதிக் கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடும். வேணு, எம்.எஸ். பிரபு போன்ற ஒளிப்பதிவாளர்களை ஒரு நாள் உட்காரவைக்கலாம். பதிவின் ஒரு பிரதியைத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும், இன்னொன்றைப் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலும் சேர்த்துவிடுங்கள். யாருடைய ஹார்ட் டிஸ்க்கிலோ கிடந்து போகக் கூடாது. கமல்ஹாசனிடமும் தனியாகக் கேளுங்கள். அவர் சொல்வதும் இவர் சொல்வதும் ஒத்துப்போகாத இடங்கள் இருந்தால் இரண்டையும் அப்படியே வையுங்கள், திருத்த வேண்டாம்.

இன்னொரு சின்ன விஷயம். பழைய படங்களை மறுபடி வெளியிடும்போது போஸ்டரில் இயக்குநர் பெயர் பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் அளவில் இருக்கிறது. முதல் வெளியீட்டில் எந்த அளவில் இருந்ததோ அதற்குக் குறையக் கூடாது என்று விநியோகஸ்தர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் சங்கம் ஒரு கடிதம் எழுதலாம். இதற்குச் சட்டம் தேவையில்லை, ஒரு லெட்டர்பேட் போதும்.

பதிவைத் தொடங்குவதென்றால் ‘குணா’வில் தொடங்காதீர்கள். அதைப் பற்றிக் கேட்டுக் கேட்டு அவருக்கே சலித்திருக்கும், மனப்பாடமான பதில்தான் வரும். ‘பன்னீர் புஷ்பங்கள்’ படத்தை ஓடவிடுங்கள். பி. வாசுவைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவையுங்கள். முதல் காட்சியில் நிறுத்தி, “இந்த ஷாட்டை வைத்தது யார்?” என்று கேளுங்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பிப்பார்கள். அங்கிருந்து நீங்கள் குறுக்கே பேச வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
டைட்டில் கார்டு முடியும் வரை எழுந்திருக்காத ஒரு ரசிகன்